குலசாமி தேடிப் புதுக்கோட்டைக்கு: கேமரன் மலைத் தோட்டத்துக் குடும்பங்களுக்கு

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்தவர்கள் தமிழ்நாட்டுக்குப் போனால் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போய் வருகிறார்கள். சென்னையில் இறங்கித் தியாகராய நகரில் துணி எடுப்பது, திருப்பதி, பழனி, மதுரை, இராமேஸ்வரம் என்று வேனில் ஓடுவது, மூட்டை கட்டிக்கொண்டு திரும்புவது. தாத்தாவின் ஊர் எது என்று கேட்டால் "திருச்சிப் பக்கம்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அந்தப் பழைய திருச்சிப் பக்கத்தில் ஒரு பகுதி இன்றைக்குப் புதுக்கோட்டை மாவட்டம்.

ரிங்லெட்டிலும் ஹாபுவிலும் பிரிஞ்சாங்கிலும் இருக்கும் எல்லாக் குடும்பங்களும் அங்கிருந்து வந்தவை அல்ல. சேலம், வட ஆர்க்காடு, தஞ்சாவூர், மதுரை என்று பல சீமைகளிலிருந்தும் வந்திருக்கிறார்கள். திருச்சி, புதுக்கோட்டை, அறந்தாங்கி என்ற பெயர்கள் வீட்டில் காதில் விழுந்தவர்களை மனத்தில் வைத்தே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். அப்படித் தொடர்பு எதுவும் இல்லாதவர்களும் இதைக் கையில் எடுத்துக்கொண்டு தாராளமாகப் போகலாம். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய எழுத்து, சமணர் படுக்கை, குடைவரை, சோழர் தளி, மண்குதிரை நிற்கும் அய்யனார் காடு எல்லாம் ஒன்றுக்கொன்று ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் கிடைக்கும் மாவட்டம் தமிழ்நாட்டில் இதைப் போல் வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

புறப்படும் முன்: காகிதமும் பாட்டியும்

விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. பாதிப் பயணம் லயத்து வீட்டிலேயே முடிகிறது என்று சொன்னால் மிகையில்லை.

முதலில் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். போ தோட்டம் 1929இல் தொடங்கியது. பாரத் தோட்டம் 1933இல். தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை வந்ததும் 1930களின் தொடக்கத்தில்தான். உலகப் பொருளாதார மந்தத்தால் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆள் எடுப்பது அநேகமாக நின்றிருந்தது. தோட்ட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் அனுப்புவதை 1938இல் இந்திய அரசே நிறுத்திவிட்டது. ஆகவே ஊரிலிருந்து நேராகக் கேமரன் மலைக்கு வந்தவர்களுக்குக் கிடைத்த காலம் மிகச் சிறியது. மற்றவர்கள் கீழே பேராக்கிலோ சிலாங்கூரிலோ ரப்பர்த் தீம்பாருக்கு முதலில் வந்து, பிறகு மலையேறியவர்களாக இருக்க வேண்டும். உங்கள் குடும்பத்துக் காகிதம் மலையில் கிடைக்கவில்லை என்றால், தாத்தா முதலில் பெயர் பதிந்த கீழ்நாட்டுத் தோட்டத்தை விசாரியுங்கள். அங்குள்ள தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுப் பெட்டியில் இருக்கலாம்.

எந்தக் காகிதம்? ஆவடி, நாகப்பட்டினம் ஆகிய இரண்டு முகாம்களில் பதிந்து கப்பலேற்றப்பட்டவர்களுக்குக் கொடுத்த சீட்டில் ஊர், தாலுகா, ஜில்லா இருக்கும். ஊருக்குப் பணம் அனுப்பிய மணியார்டர் ரசீது, பழைய இந்தியக் கடவுச்சீட்டு, குடியுரிமை விண்ணப்பத்தின் நகல் ஆகியவற்றிலும் ஊர்ப்பெயர் கிடைக்கும். கடிதம் இருந்தால் அது பொக்கிஷம். கடிதத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, உறையின் மேல் விழுந்த தபால் முத்திரையை உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். அஞ்சலகத்தின் பெயர் தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் ஐந்தாறு ஊர்களாகச் சுருங்கிவிடும். "வழி" என்று போட்டு ஒரு பெயர் எழுதியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். புதுப்பட்டி, மேலப்பட்டி என்ற பெயரில் அந்த மாவட்டத்தில் பல ஊர்கள் உண்டு. எந்தப் பட்டி என்பதை அந்த "வழி"தான் காட்டும்.

இதில் ஒரு சிக்கலை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. புதுக்கோட்டை என்பது தொண்டைமான்கள் ஆண்ட தனிச் சமஸ்தானம். 1948 மார்ச்சில்தான் அது இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14 அன்று. அதனால் 1948க்கு முந்தைய காகிதத்தில் "புதுக்கோட்டை ஸ்டேட்" என்று இருக்கும், அதற்குப் பிந்தையதில் "திருச்சி ஜில்லா" என்று இருக்கும். இரண்டும் ஒரே ஊராக இருக்கலாம். அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கத்துக்காரர்கள் என்றால் "தஞ்சாவூர் ஜில்லா" என்றே எழுதியிருக்கும். இது தெரியாமல் தஞ்சாவூருக்குப் போய்த் தேடி அலைந்து வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் உண்டு. சமஸ்தானக் காலத்தில் ஆலங்குடி, குளத்தூர், திருமயம் என்று மூன்றே தாலுகாக்கள். இன்று பன்னிரண்டு. பழைய குளத்தூர் தாலுகா ஊர் இன்று இலுப்பூரிலோ விராலிமலையிலோ இருக்கலாம்.

காகிதமே இல்லை என்றால் பாட்டிதான். ஊர்ப்பெயர் மறந்தவர்களுக்கும் சாமியின் பெயர் மறப்பதில்லை. பெரியகருப்பர், முனியய்யா, அடைக்கலம் காத்த அய்யனார், வீரமாகாளி என்று எது சொன்னாலும் அப்படியே, அவர் சொன்ன உச்சரிப்பிலேயே எழுதுங்கள், கைப்பேசியில் ஒலிப்பதிவும் செய்யுங்கள். மொட்டையடித்துக் காது குத்திய இடம், கோவிலுக்குப் போகும் வழியில் கண்மாய் இருந்ததா, பக்கத்தில் பாறை இருந்ததா, சந்தை எந்தக் கிழமை கூடியது, பெண் கொடுத்து எடுத்த ஊர்கள் எவை என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியின் பதில் பல நேரம் ஊரையே காட்டிக் கொடுத்துவிடும், ஏனென்றால் பெண் எடுத்த ஊர்கள் நடந்து போகும் தொலைவில்தான் இருந்திருக்கும்.

ஊர்ப்பெயர் உறுதியானதும் ஒரு நூலை இணையத்தில் தேடிப் பாருங்கள். புதுக்கோட்டைச் சமஸ்தானம் தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் வாசகங்களை ஒரே தொகுப்பாக 1929இல் அச்சிட்டது. போ தோட்டத்தில் தேயிலை நடத் தொடங்கிய அதே ஆண்டு. அதில் கல்வெட்டு இருக்கும் ஊரின் பெயர் தரப்பட்டிருக்கிறது. கூலிக்குக் கப்பலேறிய உங்கள் கொள்ளுத்தாத்தாவின் ஊரில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் விளக்கெரிக்க ஆடு கொடுத்ததோ, குளம் வெட்டியதோ, இன்ன வாய்க்கால் இன்ன வயலுக்கு என்று ஊரார் கூடி முடிவு செய்ததோ எழுதிக் கிடக்கலாம். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இதை ஒருமுறை அவர்களோடு உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

எப்போது போவது, எப்படிப் போவது

தானா ராத்தாவின் குளிரில் வளர்ந்த உடம்புக்குப் புதுக்கோட்டை வெயில் தாங்காது. சித்திரை, வைகாசியில் 38 பாகையைத் தாண்டிக் கொளுத்தும். டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி முடிய உகந்த காலம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. ஜனவரியில் போனால் பொங்கலும் ஜல்லிக்கட்டும் கிடைக்கும். வாடிவாசல்கள் நிறைந்த மாவட்டம் இது. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் கந்தர்வகோட்டைப் பக்கத்துத் தச்சன்குறிச்சியில்தான் நடக்கும். குலசாமிக்காகவே போகிறவர்கள் மாசி மாதத்து மகா சிவராத்திரியை ஒட்டிப் போங்கள். அன்று பங்காளிகள் எல்லா ஊர்களிலிருந்தும் கோவிலுக்கு வந்திருப்பார்கள். நீங்கள் ஒருவர் ஒருவராகத் தேடிப் போக வேண்டியதில்லை.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் உண்டு, நான்கு மணி நேரம். தயவுசெய்து சென்னை வழியாகப் போகாதீர்கள். திருச்சி விமான நிலையம் இருப்பதே புதுக்கோட்டைச் சாலையில்தான். வெளியே வந்து தெற்கே திரும்பினால் ஒரு மணி நேரத்தில் புதுக்கோட்டை. மலையிலிருந்து கோலாலம்பூர் போய்ச் சேரப் பேருந்தில் நாலைந்து மணி நேரம் ஆகும். தாப்பா வளைவுகளில் மழை பெய்தால் இன்னும் கூடும். வயதானவர்களோடு போகிறவர்கள் முந்தைய இரவே கீழே இறங்கித் தங்கிவிடுவது நல்லது.

மலேசியக் கடவுச்சீட்டுக்கு இந்திய விசா வேண்டும். இந்திய அரசின் மின்விசா இணையதளத்தில் விண்ணப்பித்தால் போதும். அதே தோற்றத்தில் போலித் தளங்கள் இருக்கின்றன, முகவரி "கவ்.இன்" என்று முடிகிறதா பாருங்கள். கட்டணமும் சலுகையும் அடிக்கடி மாறுவதால் புறப்படும் மாதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மின்செருகியும் வேறு வகை, இணைப்பான் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால். இதில் ஒரு வசதி இருக்கிறது: முதல் நாட்களில் விடியற்காலையில் தானாகவே விழிப்பு வந்துவிடும். பாறைகளில் ஏற அதுதான் நேரம்.

ஓட்டுநரோடு காரை நாள் வாடகைக்கு எடுங்கள். திருச்சிக்காரரைவிடப் புதுக்கோட்டைக்காரர் நல்லது. ஊர்களுக்குள் போகும் மண்பாதை அவருக்குத்தான் தெரியும். கிலோமீட்டர் கணக்கா, நாள் கணக்கா, பேட்டா எவ்வளவு என்று ஏறும் முன்பே பேசிவிடுங்கள். தங்குவதற்குப் புதுக்கோட்டை நகரமே போதும். இரவுச் சாப்பாட்டுக்குப் பரோட்டாவும் முட்டை மாஸும் சொல்லிப் பாருங்கள், இந்த ஊரின் பெயரோடு சேர்ந்தது அது.

பாறைகள்

நார்த்தாமலையில் தொடங்குங்கள். திருச்சியிலிருந்து வரும்போது கீரனூரைத் தாண்டியதும் வரும். காலை ஆறரைக்குள் அடிவாரத்தில் இருக்க வேண்டும், ஒன்பது மணிக்கு மேல் அந்தப் பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது. கனத்த காலுறை கொண்டுபோங்கள், கோவில் முற்றத்தில் செருப்பைக் கழற்றும்போது அது கைகொடுக்கும். தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர். மேலே கடை எதுவும் கிடையாது.

மேலமலையின் சரிவில் நிற்கும் விஜயாலய சோழீச்சரம் ஒன்பதாம் நூற்றாண்டுக் கற்றளி. தஞ்சைப் பெரிய கோவிலுக்கு நூறாண்டுக்கும் மேல் மூத்தது. கட்டியவர் சோழ மன்னர் அல்லர், முத்தரையர் குலத்துச் சாத்தன் பூதி என்ற தலைவர். பெயரை வைத்துச் சோழர் கோவில் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும் வழிகாட்டிகளை நம்பாதீர்கள். மேற்கு பார்த்த சந்நிதி. வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். சுற்றிலும் சிறிய பரிவாரக் கோவில்கள். எதிரே பாறையைக் குடைந்த இரண்டு குகைகள். சமணர் குடகு என்று ஊரார் சொல்லும் பெரிய குகையில் இன்று திருமால் ஆளுயரத்துக்குப் பன்னிரண்டு உருவமாக வரிசையில் நிற்கிறார். சமணம், சைவம், வைணவம் மூன்றும் ஒரே பாறையில் ஒன்றன்பின் ஒன்றாக வாழ்ந்த இடம். எங்கும் அவசரப்படாத நான்கூட இங்கே இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும் என்று நினைப்பதுண்டு.

மலேசியத் தமிழருக்கு நார்த்தாமலையில் தனி உரிமை ஒன்று இருக்கிறது. சோழர் காலத்தில் இது தெலுங்க குலகாலபுரம் என்ற வணிக நகரம். நானாதேசி, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் இங்கே இயங்கினார்கள். அதே ஐந்நூற்றுவர் 1088இல் சுமத்ராவின் பாருஸ் அருகே தமிழில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள், மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம். இந்தப் பாறையூர்க்காரர்களுக்கு நம் கடல் புதிதல்ல. கீழே இறங்கியதும் முத்துமாரியம்மன் கோவிலுக்குப் போங்கள். பங்குனியில் பூச்சொரிதலும் தேரும் என்றால் மாவட்டமே அங்கே கூடும். தோட்டத்து மாரியம்மன் கோவில்களில் தீச்சட்டி எடுத்தவர்களுக்கு அந்தச் சந்நிதியில் எதையும் விளக்கத் தேவையில்லை.

அடுத்தது சித்தன்னவாசல். புதுக்கோட்டைக்கு வடமேற்கே சுமார் 16 கிலோமீட்டர். இரண்டு இடங்கள் உண்டு, இரண்டையும் பாருங்கள். பெரும்பாலானவர்கள் ஓவியத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள், அது தவறு. மலையின் மறுபக்கம் ஏழடிப்பட்டம் என்ற குகைத் தளத்தில் சமணத் துறவிகளின் பதினேழு கல்படுக்கைகள் வழவழவென்று தேய்த்துச் செய்யப்பட்டிருக்கின்றன, தலைமாட்டில் தலையணை போன்ற மேடும் உண்டு. ஒரு படுக்கையில் தமிழி எழுத்து. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய காலத்தது என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். பாறை விளிம்பில் கம்பி பிடித்துப் போகும் வழி, கீழே சரிவு. முழங்கால் வலி உள்ளவர்களையும் சிறு குழந்தைகளையும் அடிவாரத்தில் நிழலில் உட்கார வைத்துவிடுங்கள்.

அறிவர் கோவில் என்ற குடைவரைக்குள் தாமரைக்குளம் ஓவியம். மீன், யானை, எருமை, பறவை, பூப்பறிக்கும் ஆட்கள். தூண்களில் ஆடல் மகளிர். பல்லவ மகேந்திரவர்மன் காலத்தது என்று பழைய புத்தகங்கள் சொல்லும். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்ததாக அங்கேயுள்ள கல்வெட்டே சொல்கிறது. பூச்சு உதிர்ந்து பாதிதான் மிஞ்சியிருக்கிறது. நிழலுக்குக் கண் பழகச் சிறிது நேரம் கொடுத்தால் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். ஃபிளாஷ் அடிக்காதீர்கள், சுவரில் கை வைக்காதீர்கள். கருவறைக்குள் நின்று மெல்ல ஓங்காரம் இழுத்தால் அறை முழுவதும் அதிரும், காவலரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இங்கே நுழைவுச் சீட்டு தொல்லியல் துறையுடையது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் அதிகம், தமிழ் பேசினாலும் மலேசியர் வெளிநாட்டவர்தான். உள்ளூர்க்காரர் என்று சொல்லி ஓட்டுநரை விட்டு வாங்காதீர்கள்.

அதே நாள் மாலை நான்கு மணிக்கு மேல் குடுமியான்மலை. சிகாநாதர் கோவிலுக்குப் பின்னால் பாறைச் சரிவில் ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு, கிரந்த எழுத்தில் ஸ்வரக் கோவைகளாக. வீட்டில் வயலினோ வீணையோ படிக்கும் பிள்ளை இருந்தால் அவசியம் காட்டுங்கள். முன்மண்டபத்துச் சிலைகளில் தசமுக இராவணனையும் மன்மதன், ரதியையும் விட்டுவிடாதீர்கள். கோவில்கள் எல்லாம் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும், இந்தக் கணக்கை மறந்தால் ஒரு நாள் வீணாகும்.

திருமயத்துக்கு அரை நாள் போதும். 1687இல் சேதுபதி கட்டிய கோட்டை, அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைகள். கொடும்பாளூர் மூவர் கோவிலும் விராலிமலை முருகனும் மதுரைச் சாலையில் ஒன்றுக்கொன்று பக்கம். கொடும்பாளூரில் மூன்றில் இரண்டு தளிகளே மிஞ்சியிருக்கின்றன, பத்தாம் நூற்றாண்டில் பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் கட்டியவை. விராலிமலையில் ஆறுமுகனுக்குச் சுருட்டுப் படைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. தோட்டத்தில் முனீஸ்வரனுக்குச் சுருட்டு வைத்தவர்கள் அங்கே போய் முகம் மலர்வார்கள்.

நகரில் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் கோவிலும் பக்கத்தில் 1910இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகமும். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை. அங்கே சமஸ்தானத்தின் அம்மன் காசைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பாட்டன் கையில் புழங்கிய காசு அது.

ஆவுடையார்கோவில்

இதற்கு ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள். நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 45 கிலோமீட்டர், அறந்தாங்கி வழி. பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கொண்டுவந்த பணத்தை மாணிக்கவாசகர் கோவிலாக்கிய திருப்பெருந்துறை இதுதான். மார்கழிக் குளிரில் திருவெம்பாவை பாடி வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த ஊர் பாடத்தில் வந்த ஊர். கருவறையில் லிங்கம் இல்லை, ஆவுடை மட்டும். நந்தியும் கொடிமரமும் இல்லை. உருவமில்லாத கடவுளுக்குப் படைப்பதும் உருவமில்லாததையே: புழுங்கலரிசிச் சோற்றை வடித்துச் சுடச்சுடப் படைகல்லில் பரப்ப, எழும் ஆவிதான் நிவேதனம். கூடவே பாகற்காயும் கீரையும். ஏழை வீட்டுச் சமையலறையில் இருப்பதையே ஏற்றுக்கொள்ளும் சாமி. கேட்டுத் தெரிந்துகொண்டு படையல் நேரத்துக்குப் போங்கள்.

பிறகு நிமிர்ந்து கொடுங்கையைப் பாருங்கள். மரச்சட்டம், குறுக்குச் சட்டம், ஆணித்தலை எல்லாவற்றையும் கருங்கல்லில் மெல்லிய தகடாகச் செதுக்கிக் கூரை விளிம்பாக இறக்கியிருக்கிறார்கள். கோவில் வேலைக்கு ஒப்புக்கொள்ளும் சிற்பிகள், ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக என்று எழுதித் தருவார்கள் என்ற பேச்சு இன்றும் நிலவுகிறது.

குலசாமி இருக்கும் ஊரில்

ஊருக்குள் காரில் விரைந்து போகாதீர்கள். டீக்கடையிலோ ஆலமரத்தடியிலோ இறங்கி, மூத்தவராகப் பார்த்து, "ஐயா, அக்கரைச் சீமைக்கு, மலாயாத் தோட்டத்துக்குப் போன குடும்பம் நாங்க. இன்னார் பேரன். எங்க சாமி இன்னது" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். பெயரைவிடச் சாமிதான் வழி திறக்கும். சாமியைத் தெரிந்தவர் பூசாரியைக் காட்டுவார், பூசாரி பங்காளிகளைக் காட்டுவார். பல ஊர்களில் அய்யனாருக்குப் பூசை செய்கிறவர்கள் மண்குதிரை வனையும் வேளார்கள். எந்தக் குடும்பம் எந்த ஆண்டு புரவி எடுப்புக்குக் குதிரை செய்யச் சொன்னது என்பது அவர்கள் குடும்பத்தில் வழிவழியாக நினைவில் இருக்கும்.

சாதி விசாரிப்பார்கள். இதை மறைத்து எழுத மனம் இல்லை. மலாயாவுக்குக் கப்பலேறியவர்களில் கணிசமானோர் ஊரில் நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்ட குடிகள். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று திரும்பிப் போய் நிற்கும்போது, எந்தத் தெரு என்ற கேள்வி முதல் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். 2022 டிசம்பரில் இந்த மாவட்டத்து வேங்கைவயலில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமையை நாடே பேசியது. அதை விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர்தான், தலைமுறைகளாக உள்ளே விடப்படாத அம்மக்களைப் பக்கத்து இறையூர் அய்யனார் கோவிலுக்குள் அழைத்துச் சென்றார். நீங்கள் தலை நிமிர்ந்து போங்கள். தாத்தாவின் தெருவில்தான் உங்கள் சொந்தமும் இருக்கிறது, அங்கேயே முதலில் போங்கள். எந்தக் கோவிலிலாவது வெளியே நில்லுங்கள் என்றால் அந்தப் படையலைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். சட்டம் உங்கள் பக்கம், சாமியும்தான்.

ஊர்ப்பெயர் எவ்வளவு தேடியும் கிடைக்காதவர்கள் கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனாரிடம் போய்ப் பொங்கல் வைக்கலாம். முப்பதடிக்கும் மேல் உயர்ந்த குதிரை நிற்கிறது. மாசி மகத்தன்று அதன் உயரத்துக்கு வண்ணக் காகித மாலைகளைச் சுமந்து வந்து சாற்றுவார்கள், குதிரையே தெரியாது. எல்லோரையும் ஏற்கும் பெரிய சந்நிதி.

அங்கிருந்து பிடிமண் எடுத்து வந்து தோட்டத்தில் கோவில் வைக்க வேண்டும் என்று சிலர் ஆசைப்படுவார்கள். முன்னோர்கள் அப்படித்தான் செய்தார்கள். இன்று அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளிநாட்டு மண்ணை மலேசியாவுக்குள் கொண்டுவர முடியாது. மண்ணோடு வரும் கிருமி கேமரன் மலையின் தேயிலையையும் காய்கறியையும் அழித்துவிடக்கூடும் என்பதை நாமே உணர வேண்டும். திருநீறு, குங்குமம் கொண்டுவாருங்கள். அதேபோல் பழைய வெண்கலச் சிலை, கல்விளக்கு என்று யாராவது விலை பேசினால் நின்று பேசாதீர்கள். நூறாண்டு கடந்த கலைப்பொருளை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோவது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கடைசியாகப் பணம். மலேசியாவிலிருந்து சொந்தம் வந்திருக்கிறது என்றால் திருப்பணி நோட்டு வரும். கொடுங்கள், ஆனால் என்ன வேலைக்கு என்று கேட்டுக் கொடுங்கள். வெளிநாட்டுப் பணம் வந்தபின் பல ஊர்களில் பழைய கற்கோவிலைப் பிரித்துச் சிமெண்டில் கட்டி, தரைக்குப் பளிங்கு ஓடு பதித்து, கல்வெட்டிருந்த பலகைக் கல்லைப் படிக்கட்டில் போட்டுவிட்டார்கள். மணல் வீச்சில் எழுத்து அழிந்த சுவர்கள் எத்தனையோ. மண்குதிரைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு வண்ணமடித்த சிமெண்டுக் குதிரை வைக்கிறார்கள், வேளார் வீட்டுச் சூளை அணைந்துபோகிறது. உங்கள் தாத்தா கும்பிட்டது அந்தக் கல்லையும் அந்த மண்ணையும்தான். சுற்றுச்சுவருக்குக் கொடுங்கள், கிணறு தூர்வாரக் கொடுங்கள், விளக்குக்கும் அன்னதானத்துக்கும் கொடுங்கள், வேளாரிடம் புதுக் குதிரை ஒன்று வனையச் சொல்லி முழு விலையும் கொடுங்கள். பழைய கல்லைப் பெயர்க்கும் வேலைக்கு மட்டும் ஒரு ரிங்கிட்டும் கொடுக்காதீர்கள்.